பேடைத் தட்டினால் சத்தம் வரலையா? லேப்டாப்பில் மகுடம் ஒலிக்க ஒரு வழிகாட்டி

ஆன்லைனில் ஆர்டர் போட்ட பேடு வீட்டுக்கு வந்துவிட்டது. யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் பதினாறு கட்டங்களிலும் விளக்கு எரிகிறது. ஆசையாகத் தட்டினால் ஒரு சத்தமும் இல்லை. ‘பீஸ் ஃபால்ட்’ என்று ரிட்டர்ன் போடக் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். பேடு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் சத்தம் என்ற ஒன்றே கிடையாது, அவ்வளவுதான்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011-ல் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, கடையம் மாதிரியான ஊர்களில் இருந்துகொண்டே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பது புதுசு இல்லை. லேப்டாப் கையில் இருக்கிறது. கொடை விழாவில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த காதும் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்க்க மிடி பேடு நல்ல கருவி. ஆனால் பெட்டியோடு வரும் ஒலிகளில் கிக், ஸ்நேர், ஹை-ஹேட் இருக்கும். மகுடத்தையும் உடுக்கையையும் அதில் தேடினால் கிடைக்காது. அவற்றை நாமேதான் ஏற்ற வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

பேடு உண்மையில் என்ன அனுப்புகிறது?

அந்தக் காலத்துத் தந்தி ஞாபகம் இருக்கிறதா? தந்தியில் பேசுகிறவரின் குரல் வராது, சேதி மட்டும்தான் வரும். மிடியும் அப்படித்தான். நீங்கள் ஒரு கட்டத்தைத் தட்டியதும் பேடு மூன்று விவரங்களை அனுப்புகிறது. முதலாவது, எந்தக் கட்டம் என்பதைச் சொல்லும் எண். இதை ‘நோட் நம்பர்’ என்பார்கள், 0 முதல் 127 வரை. இரண்டாவது, எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள் என்பது. இது ‘வெலாசிட்டி’, இதுவும் 127 வரைதான். மூன்றாவது, 16 சேனல்களில் எந்தச் சேனலில் போகிறது என்பது.

விரலை எடுத்ததும் ‘நோட் ஆஃப்’ என்று இன்னொரு சேதி போகும். இவ்வளவுதான் பேடின் வேலை. அந்த எண்களை வாங்கி, ‘36-ஆம் எண்ணா, அப்போ இந்த ஒலி, 90 வேகமா, அப்போ இவ்வளவு சத்தம்’ என்று முடிவு செய்வது லேப்டாப்பில் உள்ள மென்பொருள். சத்தம் வராத பிரச்சினை, லேட்டாக வரும் பிரச்சினை, தப்பான சத்தம் வரும் பிரச்சினை எல்லாமே இந்த எண்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தால் பிடிபட்டுவிடும்.

நாற்பது வருடப் பழைய மொழி

மிடி 1983-ல் வந்தது. அதற்கு முன்பு ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கருவியோடு பேசுவது பெரும்பாடு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் பொது மொழி ஒன்று வேண்டும் என்று முயன்றதன் பலன் இது. இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. 2020-ல் மிடி 2.0 வந்துவிட்டாலும், இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான பேடுகள் பழைய மொழியைத்தான் பேசுகின்றன.

நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களில் ‘ஆக்டோபேட்’, ‘ரிதம் பேட்’ என்று சொல்கிறோமே, அதன் மூதாதை 1985-ல் ரோலண்ட் கொண்டுவந்த ‘பேட்-8’. அந்த முதல் மாடலிலும் சொந்தமாக ஒலி கிடையாது. எட்டுக் கட்டங்கள், தட்டினால் வேறொரு கருவிக்கு மிடி சேதி போகும். பிறகு வந்த மாடல்களில்தான் ஒலிகள் உள்ளேயே வந்தன. மேடையில் பார்க்கும் ரிதம் பேடுக்கும் உங்கள் மேஜையில் இருக்கும் மிடி பேடுக்கும் வித்தியாசம் இதுதான்: அதை ஆம்ப்ளிஃபையரில் நேரடியாகச் செருகலாம், இதற்கு லேப்டாப்போ போனோ வேண்டும்.

எந்த மென்பொருள் வேண்டும்?

முதலில் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பல பேடுகளோடு ‘ஏபிள்டன் லைவ் லைட்’ இலவசமாக வருகிறது. பேடைப் பதிவு செய்தால் அதற்கான எண் கிடைக்கும். அகாய் நிறுவனத்தின் ‘எம்பிசி பீட்ஸ்’ இன்னொரு வழி. மேக், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ‘கராஜ்பேண்ட்’ இருக்கிறது. ‘ரீப்பர்’ 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கத் தருகிறது. லினக்ஸ்காரர்களுக்கு ‘ஹைட்ரஜன்’ என்ற ஓப்பன் சோர்ஸ் டிரம் மென்பொருள் உண்டு. அது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும்.

போனில் முடியுமா? முடியும். ஆண்ட்ராய்டு 6 முதல் மிடி வசதி உள்ளேயே இருக்கிறது. ஓடிஜி கேபிள் போதும். ஆனால் தட்டியதற்கும் கேட்பதற்கும் உள்ள தாமதம் போனுக்குப் போன் மாறும். பழகிப் பார்க்க போன், சீரியஸாக வாசிக்க லேப்டாப் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சத்தம் வர ஐந்து படிகள்

ஒன்று: கேபிள். போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. பேடில் விளக்கு எரியும், லேப்டாப்புக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பேடுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

இரண்டு: பேடை முதலில் செருகிவிட்டு, மென்பொருளைப் பிறகு திறங்கள். சில மென்பொருள்கள் திறக்கும்போது மட்டுமே கருவிகளைத் தேடும்.

மூன்று: மென்பொருளின் செட்டிங்ஸில் மிடி பகுதிக்குப் போய், உங்கள் பேடின் பெயருக்கு நேரே ‘இன்புட்’டை ஆன் செய்யுங்கள். ஏபிள்டனில் அதே வரிசையில் ‘டிராக்’ என்ற பட்டனும் ஆன் ஆக வேண்டும். பேடின் பெயரே வரவில்லை என்றால் வேறு ஏதாவது மென்பொருளோ, பிரவுசர் டேபோ அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் பல பேடுகள் ஒரே நேரத்தில் ஒரே மென்பொருளோடுதான் பேசும்.

நான்கு: ஒரு மிடி டிராக்கைத் திறந்து அதில் டிரம் கருவி ஒன்றைப் போடுங்கள். வெறும் டிராக்கில் எண்கள் வந்து விழும், ஒலிக்க ஆள் இருக்காது.

ஐந்து: அந்த டிராக்கின் ரெக்கார்டு பட்டனை (ஆர்ம்) ஆன் செய்யுங்கள். ரீப்பரில் ‘மானிட்டர்’ பட்டனும் ஆன் ஆகியிருக்க வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

எண் பொருந்தினால்தான் ஒலி பொருந்தும்

எல்லாம் செய்தும் சில கட்டங்கள் மட்டும் ஊமையாக இருக்கிறதா? அல்லது கிக் வர வேண்டிய இடத்தில் ஜால்ரா மாதிரி ஏதோ வருகிறதா? எண் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

1991-ல் வந்த ‘ஜெனரல் மிடி’ வழக்கப்படி டிரம்ஸுக்குப் பத்தாவது சேனல். அதில் 36 என்றால் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட். பல பேடுகளில் கீழ் இடது மூலையில் உள்ள கட்டம் 36-ல் தொடங்கும். மென்பொருளில் உங்கள் ஒலி 60-ஆம் எண்ணில் உட்கார்ந்திருந்தால், 36-ஐ எத்தனை முறை தட்டினாலும் அது எழுந்திருக்காது.

இன்னொரு குழப்பம் பெயரில் வரும். அதே 60-ஆம் எண்ணை ஒரு கம்பெனி ‘சி3’ என்கிறது, இன்னொரு கம்பெனி ‘சி4’ என்கிறது. எழுத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஒரு தாளில் 4 வரிசை, 4 பத்தி கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துக்கு எந்த எண், எந்த ஒலி என்று எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தட்டியதும் லேட்டாகக் கேட்கிறதே?

இதில் பேடின் மேல் பழி போட வேண்டாம். பழைய ஐந்து முள் மிடி கேபிளில்கூட ஒரு தட்டுக்கான சேதி போய்ச் சேர ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரமே ஆகும். தாமதம் பெரும்பாலும் லேப்டாப்பின் ஆடியோ பகுதியில்தான்.

லேப்டாப் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பொட்டலத்தின் அளவுதான் ‘பஃபர்’. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற வழக்கமான வேகத்தில், பஃபர் 1024 என்றால் ஒரு பொட்டலத்துக்கு 23 மில்லி விநாடி. 256 என்றால் 6, 128 என்றால் 3 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் டிரைவரும் கொஞ்சம் சேர்க்கும்.

10 மில்லி விநாடி என்பது எவ்வளவு? காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் மூன்றரை மீட்டர் போகும். அதாவது தவில்காரரிடமிருந்து நாலு எட்டு தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். அது யாருக்கும் உறுத்தாது. ஆனால் 100 மில்லி விநாடி போனால் தாளமே கெட்டுவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடையில், ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லி விநாடிதான். நீங்கள் தட்டிய அடி கிட்டத்தட்ட அடுத்த அடியின் இடத்தில் போய் விழும்.

தீர்வு: விண்டோஸில் ஆசியோ டிரைவர் பயன்படுத்துங்கள். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்கு ‘ஆசியோ ஃபார் ஆல்’ இலவசமாகக் கிடைக்கிறது. மேக்கில் இந்தத் தொல்லை இல்லை. பஃபரை 256-ல் ஆரம்பித்து, சத்தம் கரகரக்காத வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பேட்டரி சேமிப்பு மோடில் லேப்டாப் மெதுவாகும், அப்போதும் கரகரப்பு வரும். முக்கியமாக, புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சகஜம். வயர் ஹெட்போனே உத்தமம்.

மெதுவாகத் தட்டினாலும் ஒரே சத்தமா?

பேடில் ‘ஃபுல் லெவல்’ என்ற பட்டன் இருக்கலாம். அது ஆனில் இருந்தால் பூப்போலத் தொட்டாலும் 127 என்றே போகும். அதை அணையுங்கள். அப்புறமும் சரியில்லை என்றால் ‘வெலாசிட்டி கர்வ்’ என்ற செட்டிங்கில் உங்கள் கை பலத்துக்கு ஏற்ற வளைவைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் மட்டும் தோல் வாத்தியம் நிஜமாகக் கேட்காது. மெல்லத் தட்டும்போது தோலின் நாதமே வேறு, ஓங்கி அடிக்கும்போது வேறு. அதனால் ஒரே அடியை மெல்ல, நடுத்தரம், பலம் என்று மூன்று விதமாகப் பதிவு செய்து, வெலாசிட்டிக்கு ஏற்ப மாறி ஒலிக்க வைப்பார்கள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் மாதிரி இருக்கும் என்பதால், ஒவ்வொன்றிலும் நாலு பதிவு எடுத்துச் சுழற்சியாக ஒலிக்க விடுவதும் உண்டு. இதற்கு ‘ரவுண்ட் ராபின்’ என்று பெயர்.

மகுடத்தைப் பேடில் ஏற்றுவது எப்படி?

கணியான் கூத்தின் உயிர் மகுடம். வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய, கையால் வாசிக்கும் பறை வகை வாத்தியம். கூத்தில் இரண்டு மகுடங்கள் ஒலிக்கும், ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். வில்லுப்பாட்டில் வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை என்று தனித் தனி நாதங்கள். இவற்றைப் பேடில் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் போக வேண்டியது மென்பொருளிடம் அல்ல, வாசிக்கும் கலைஞரிடம்.

மகுடத்தில் ஐந்து விதமான அடிகளைப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அடி, மூன்று பலம், ஒவ்வொன்றிலும் நாலு பதிவு என்றால் 60 ஒலிகள். இரண்டு மகுடத்துக்கு 120. ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலை. கூத்து நடக்கும்போது அடியையும் பாட்டையும் பிரிக்க முடியாது, தனியாக உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

கடையம் பக்கம் சாரல் காலத்தில் காற்று ஈரமாக இருக்கும், தோல் தொய்ந்து நாதம் இறங்கும். தோலைச் சூடு காட்டி, ‘இப்போ சரியா இருக்கு’ என்று கலைஞர் சொன்ன பிறகு ரெக்கார்டரை அமுக்குங்கள். சிமென்ட் ஹாலில் எதிரொலி சேரும். மரத்தடி அல்லது திறந்த முற்றம் நல்லது. மைக்கைத் தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் ஓங்கி அடிக்கும்போது ஒலி உடையும். ஓங்கி அடிக்கும் அடியை முதலில் வாசிக்கச் சொல்லி அதற்கேற்ப அளவை வைத்துக்கொள்ளுங்கள். போனில் எடுப்பதானால் இரைச்சல் குறைப்பு வசதி இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிட்டு, ‘வேவ்’ ஃபைலாகச் சேமியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அவர் என்ன சொல் சொல்கிறாரோ, அதையே ஃபைலுக்குப் பெயராக வையுங்கள்.

அடுத்து எடிட்டிங். ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் உள்ள மௌனத்தை வெட்டுங்கள். அங்கே 20 மில்லி விநாடி மௌனம் விட்டுவிட்டால், பஃபரைக் குறைத்துச் சம்பாதித்த நேரமெல்லாம் வீண். முடிவை மட்டும் இயல்பாகத் தேய விடுங்கள்.

பிறகு மென்பொருளில் கட்டத்துக்கு ஒன்றாக இழுத்துப் போடுங்கள். ஏபிள்டனில் ‘டிரம் ராக்’, ரீப்பரில் ‘ரீசாம்ப்ளோமேட்டிக் 5000’ இதற்கானவை. ஹைட்ரஜனில் ஒரே ஒலிக்குள் பல அடுக்குகள் வைக்கலாம். இரண்டு செட்டிங்குகளை மறக்க வேண்டாம். விரலை எடுத்ததும் ஒலி நின்றுவிட்டால் ‘ஒன் ஷாட்’டை ஆன் செய்யுங்கள். அதிரும் அடியை உடனே வரும் மூடிய அடி அமுக்க வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே ‘சோக் குரூப்’பில் போடுங்கள்.

உடுக்கைக்கு ஒரு சின்ன வித்தை உண்டு. இடுப்பில் உள்ள கயிற்றை அமுக்கினால் உடுக்கையின் சுருதி ஏறும். சில பேடுகளில் தட்டிய பிறகு விரலை அழுத்தினால் அந்த அழுத்தமும் எண்ணாகப் போகும், இதற்கு ‘ஆஃப்டர்டச்’ என்று பெயர். அந்த எண்ணைச் சுருதியோடு இணைத்தால் உடுக்கையின் அந்த ஏற்ற இறக்கம் ஓரளவு வரும். ஓரளவுதான். கயிற்றில் இருக்கும் கையின் நுணுக்கம் 127 எண்களுக்குள் அடங்காது.

அந்த அடி யாருக்குச் சொந்தம்?

இதைப் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலிலேயே பேசிவிட வேண்டிய விஷயம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, நிகழ்த்துக் கலைஞருக்குத் தன் நிகழ்த்துதலின் மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38ஏ பிரிவின்படி, தன் வாசிப்பைப் பதிவு செய்வதும் பதிவு செய்ய அனுமதிப்பதும் கலைஞரின் உரிமை. உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த ஒலிகளை வைத்துப் பாட்டு வெளியிடுவதும், சாம்பிள் பேக்காக விற்பதும் சொந்தப் பயன்பாடு ஆகாது.

அதனால் ரெக்கார்டிங்குக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் வாசித்தார், எதற்காக, எவ்வளவு சம்பளம், விற்றால் பங்கு என்ன, பெயர் எங்கே வரும். அண்ணாவியிடம் பேசி அவர் மூலமாகவே ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. ‘இதை வேற யாருக்கும் கொடுக்காத’ என்று அவர் சொன்னால் அதுவும் அந்தத் தாளில் ஏற வேண்டும்.

பிழைப்பு பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஒரு லேப்டாப்பில் இரண்டு மகுடமும் ஒலிக்கும் என்றால், அடுத்த கொடைக்கு ஆள் எதற்கு என்று கேட்கும் விழாக் கமிட்டிகள் வரலாம். பதில் எளிது. பேடில் இருப்பது தனித் தனியாக வெட்டிய 120 அடிகள். பாடுகிறவர் இழுக்கும் இடத்தில் இழுத்து, ஆடுகிறவரின் காலைப் பார்த்து நடையை மாற்றி, சாமியாடி வரும் நேரம் அறிந்து வேகம் ஏற்றுவது அந்த ஒலிகளுக்குத் தெரியாது. வீட்டில் பழகவும், குறும்படத்துக்கு இசை போடவும், வெளியூர் நண்பருக்கு ‘எங்க ஊர் வாத்தியம் இப்படி இருக்கும்’ என்று காட்டவும் பேடு போதும். கொடைக்கு ஆளைத்தான் அழைக்க வேண்டும்.

இன்னும் சத்தம் வரலையா? ஒரு நிமிட செக்கப்

பேடில் விளக்கு எரிகிறதா? இல்லை என்றால் கேபிள் அல்லது யூஎஸ்பி போர்ட்.

தட்டும்போது மென்பொருளில் மிடி விளக்கு மினுக்குகிறதா? இல்லை என்றால் இன்புட் ஆன் ஆகவில்லை.

மிடி விளக்கு மினுக்கியும் டிராக்கின் ஒலி மீட்டர் ஏறவில்லையா? கருவி இல்லை, அல்லது எண் பொருந்தவில்லை, அல்லது ரெக்கார்டு பட்டன் ஆஃப்.

மீட்டர் ஏறியும் காதில் கேட்கவில்லையா? ஆடியோ அவுட்புட் வேறு ஸ்பீக்கருக்குப் போகிறது.

ஆம்ப்ளிஃபையரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இந்த வரிசையில் பார்த்தால் தவறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். முதல் வாரம் கிக், ஸ்நேர் வைத்து விரலைப் பழக்குங்கள். இரண்டாவது வாரம் வீட்டில் இருக்கும் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பதிவு செய்து, வெட்டி, பேடில் ஏற்றிப் பாருங்கள். அது சரியாக வந்துவிட்டால், மகுடக்காரரிடம் தைரியமாகப் போய்ப் பேசலாம்.